பயற்றங்கொடிப் பந்தலில் காய்ந்த புத்தகங்கள்

அந்த ஆண்டு பன்னிரண்டு புத்தகங்கள் வாசிக்கப் போகிறேன் என்பதை நான் மச்சாளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன கையோடு அவர் குசினிச் சுவரில் தொங்கிய நகைக்கடைக் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"மாதத்துக்கு ஒண்டு. முடிச்ச உடனை புத்தகத்தின்ரை பேரை இதிலை எழுதும். எழுதாத மாதம் வெறுமையாக் கிடக்கும். கிடந்தால் நான் கேப்பன்."

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. கலியாணம் செய்யாதவர். கணவர் மாரடைப்பில் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். ஸ்கந்தபுரத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையோரமாக, எங்களுடைய காணி. எங்கள் இரண்டு குடும்பங்களும் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து குடியேறியவைதான். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம். வீட்டைச் சுற்றியிருந்த மேட்டுக்காணியை மச்சாள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. காலையில் மண்வெட்டியோடு இறங்கினால் வெயில் ஏறும்வரை அவரைத் தோட்டத்தில்தான் தேட வேண்டும்.

நான் மருத்துவிச்சியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பதுதான் என் வேலை. ஓய்வு பெற்றதும் காலைகள் நீண்டுவிட்டன. மச்சாளுக்குத் தோட்டம் இருந்தது, எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. சந்தையடியில் என்னைக் கண்ட, நூலகத்தில் வேலை செய்கிற பிள்ளைதான் முதலில் கேட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் நிறை பார்த்தவள் நான்.

"மிஸ், இப்ப நேரம் இருக்குத்தானே. ஒருக்கா எங்கடை பக்கம் வாங்கோவன். புத்தகம் எல்லாம் சும்மாதான் கிடக்குது."

சிரித்துக்கொண்டு சரி என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து மச்சாளிடம் பன்னிரண்டு என்றும் சொல்லிவிட்டேன். ஆனால் நான் புத்தகம் வாசிப்பதை விட்டுப் பதினைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டிருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு காலத்தில் நான் நன்றாக வாசித்தவள். பயிற்சிக்குப் போன நாட்களில் பஸ்ஸில் இருக்கை கிடைக்காவிட்டால் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்பிய நாட்களும் உண்டு. போர் முடிந்து நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்தபோதுதான் அது நின்றது. பக்கத்துக் கூடாரத்து மனுசி ஒருத்தி சாமான் சுற்றி வந்த பழைய வாரப் பத்திரிகைத் தாளை எனக்கென்று எடுத்து வைத்துத் தந்தாள். எவ்வளவு ஆசையாக வாங்கினேன். ஒரு வரியை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனால் முதல் வரி இல்லை. திரும்பப் போனேன். திரும்பவும் இல்லை. எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் விளங்கின, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். பிறகு அதை யாரோ அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்றுதான் இருந்தது.

ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போன பிறகு தேவையான வாசிப்பு எல்லாம் நடந்தது. குழந்தையின் நிறை, தடுப்பூசித் திகதி, தாயின் இரத்த அழுத்தம். எல்லாம் ஒரு வரிக்குள் அடங்கிவிடும் விஷயங்கள். அதனால் என் குறை யாருக்கும் தெரிய வரவில்லை. மச்சாளுக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதத்தில் நூலகத்துக்குப் போய் அங்கிருந்தவற்றில் மிக மெல்லியதைத் தேடி எடுத்து வந்தேன். ஒரு சிறுகதைத் தொகுப்பு. அதை முடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு எழும்பி முற்றத்தில் நடப்பேன். திரும்பி வந்தால் அந்தப் பக்கம் மறந்திருக்கும். மறுபடி தொடங்குவேன். தை மாதப் பெட்டி கலண்டரில் வெறுமையாகக் கிடந்தது. மச்சாள் அதைப் பார்த்தார். கேட்பேன் என்று சொன்னவர் கேட்கவில்லை. மாசியின் கடைசியில் நான் பெயரை எழுதியபோது புத்தகத்தைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது சரியான மெல்லிசு. இதுவும் ஒண்டெண்டு கணக்கோ?"

"ஓம், கணக்குத்தான்."

"சரி, எழுதும். ஆனால் எல்லாம் உப்பிடி மெல்லிசா எடுக்காதையும்."

அவர் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு புத்தகம் எதையும் தொட்டவரல்லர். பஞ்சாங்கமும் பேப்பரில் மரண அறிவித்தலும்தான் அவர் வாசிப்பு. ஆனால் என்னுடைய பன்னிரண்டை அவர் என்னை விட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்த ஆடி மாதத்தில் தோட்டம் காய்ந்து போய்க் கிடந்தது. அப்போது வேப்பமரத்தடியில் கதிரை போட்டு என்னை இருத்திவிட்டு, வெண்டிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே என்னையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார். நான் தலை நிமிர்ந்தால், "என்ன, முடிஞ்சுதோ?" என்று கேட்பார். புரட்டாதிக் கடைசியில் ஐந்து பெயர்கள் ஏறியிருந்தன. ஒன்பது இருந்திருக்க வேண்டும்.

"நாலு பிந்திப் போச்சுது," என்றார்.

"எனக்கும் எண்ணத் தெரியும் மச்சாள்."

"நான் குறை சொல்லேல்லை. ஐப்பசி மழை வருகுது. மழைக்கை வேறை என்ன வேலை உமக்கு?"

அவர் சொன்னபடிதான் நடந்தது. ஐப்பசியில் மழை தொடங்கியது. முதல் மழைக்கு மண்ணிலிருந்து சிவப்புத் தம்பளப் பூச்சிகள் வெளியே வந்து ஊர்ந்தன. மச்சாள் முந்தியே கொத்திப் போட்டிருந்த நிலத்தில் விதைகளை ஊன்றினார். கார்த்திகை பிறந்தபோது எங்கள் தோட்டம் ஆளை மறைக்கிற பச்சையாகிவிட்டது. பந்தலில் பயற்றங்காய்கள் கயிறு கயிறாகத் தொங்கின. பூசணிக்கொடி பாத்தியை விட்டு வெளியேறிக் கிணற்றுக் கட்டில் ஏறியது. வேலியோரம் யாரும் நடாமலே கார்த்திகைப் பூக்கள் நெருப்பு மாதிரி நின்றன. மழை விட்ட காலை நேரத்தில் தும்பிகள் பந்தலுக்கு மேலே கூட்டமாகப் பறக்கும். கதிரையின் கால்கள் ஈர மண்ணில் புதையாமல் செங்கல் வைத்து, அந்தப் பச்சைக்கு நடுவே இருந்து வாசித்தேன். ஏன் என்று தெரியவில்லை, அந்த நாட்களில் வரிகள் நின்றன. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போனால் முதல் வரியும் கூடவே வந்தது. இரவு முழுக்கக் கேட்ட மழைச் சத்தம் ஏதோ ஒன்றை என் தலைக்குள் மூடி வைத்திருந்தது போல. ஒன்றரை மாதத்தில் மூன்று புத்தகங்கள் முடிந்தன. கலண்டரில் எட்டாவது பெயரை எழுதினேன். மச்சாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

அடுத்ததாக நூலகத்திலிருந்து மூன்று புத்தகங்கள் எடுத்து வந்தேன். அதில் ஒன்று தடித்த நாவல். கடலோடி ஒருவனின் மனைவியைப் பற்றியது. புருசன் கப்பலில் போய்த் திரும்பி வராததால் அப்பக்கடை போடுகிற பெண். அதைத் தொடங்குமுன்னரே வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொல்லத் தொடங்கியது.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் முற்பகல் கிராம அலுவலர் மழைக்கோட்டுடன் மோட்டார் சைக்கிளில் வந்து வேலிப் படலையடியில் நின்று கத்தினார். குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கிவிட்டது, வாய்க்கால் உடைக்கும் போல் இருக்கிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ என்றார். நான் அறைக்குள் ஓடிக் காணி உறுதி, அடையாள அட்டை, மாத்திரை எல்லாவற்றையும் பைக்குள் திணித்தேன். குசினிக்குள் மச்சாள் எதையோ கொட்டுகிற சத்தம் கேட்டது. என்னவென்று பார்க்க நேரம் இருக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, அயலவர்களோடு கயிறு பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பின்னேரம் வகுப்பறை ஒன்றில் பாயை விரித்து இருந்தபோதுதான் புத்தகங்களின் நினைவு வந்தது.

"மச்சாள், லைப்ரரிப் புத்தகம் மூண்டும் மேசையிலை கிடந்தது."

"மேசையிலை இல்லை. வாளிக்கை வைச்சனான்."

"எந்த வாளி?"

"விதை வாளி."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. எங்கள் வீட்டில் இறுக்கமான மூடி உள்ள ஒரே பாத்திரம் அந்தப் பழைய பெயின்ற் வாளிதான். அதில் மச்சாள் தன் விதைகளை வைத்திருந்தார். நாங்கள் திரும்பி வந்து குடியேறிய ஆண்டில் முதன்முதல் காய்த்த பயற்றையிலிருந்து வருடா வருடம் எடுத்துக் காயவைத்துச் சேர்த்த விதைகள். பாகல், பூசணி, வெண்டி, கத்தரி எல்லாம் சிறு சிறு துணி முடிச்சுகளாக அதற்குள் இருந்தன.

"அப்ப விதை?"

"சாக்குக்கை கொட்டிப்போட்டு வந்தனான்."

"உங்களுக்கு என்ன விசரோ? அது நனைஞ்சிருக்கும். புத்தகம் போனால் வேறை வாங்கிக் குடுக்கலாம்தானே."

மச்சாள் சேலைத் தலைப்பால் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தை நிமிர்த்தாமலே சொன்னார்.

"நீர் எட்டு வந்திட்டீர். இதிலை நிப்பாட்டினால் பிறகு தொடங்கமாட்டீர். முகாமிலை நீர் அந்தப் பேப்பரை வைச்சுக்கொண்டு இருந்தனீர். ஒரே பக்கத்தை. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

  அவர் அத்தனை வருடமும் அதை அறிந்திருந்தார், ஒரு நாளும் கேட்கவில்லை. நான் அழுததை அவர் பார்த்தார். பக்கத்துப் பாயில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் எனக்கு முன்னால் நகர்ந்து இருந்துகொண்டார்.

தண்ணீர் வற்றி வீட்டுக்குத் திரும்பியபோது குசினித் தரை முழுவதும் சேறு. வாளி மிதந்து போய்க் கதவு மூலையில் சரிந்து கிடந்தது. தடித்த நாவல் வாளியின் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றதால் மூடி சரியாகப் பூட்டவில்லை. அந்த இடைவெளியால் தண்ணீர் போயிருந்தது. இரண்டு புத்தகங்களுக்கு ஓரம் மட்டும் நனைந்திருந்தது. நாவல் பாதிக்கு மேல் ஊறி, பேக்கரிப் பாண் மாதிரிப் பொங்கியிருந்தது.

மூலையில் கிடந்த சாக்கை மச்சாள் அவிழ்த்தார். துணி முடிச்சுகள் எல்லாம் அவசரத்தில் அவிழ்ந்து கலந்திருந்தன. சில அழுகி மணத்தன. பலவற்றில் வெள்ளை முளை வெளியே வந்திருந்தது. எது எதுவென்று பிரித்தெடுக்க முடியாத அளவுக்கு வேர்கள் பின்னிக் கிடந்தன. அவர் கொஞ்ச நேரம் அதற்கு முன்னால் குந்தியிருந்தார்.

"வாரும்," என்றார் பிறகு. "உதுகளை இப்ப மண்ணிலை வைக்காட்டிச் செத்துப்போம்."

தோட்டத்தில் பள்ளத்துப் பாத்திகள் போய்விட்டன. கத்தரிகள் நின்ற இடத்தில் வண்டல் படிந்து பளபளத்தது. மேட்டுப் பக்கத்தில் இருந்த பயற்றம் பந்தல் மட்டும் சேதமில்லாமல் நின்றது. அன்று முழுக்க இருவருமாக அந்த முளைகளைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்துப் புது வண்டலில் வைத்தோம். எந்த இடத்தில் எது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த நாள் வெயில் வந்தது. நான் நாவலை விறாந்தைக்குக் கொண்டு வந்து, ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையில் குழந்தைப் பவுடர் தூவினேன். பிறகு மூன்று புத்தகங்களையும் பயற்றம் பந்தலின் குறுக்குக் கம்பில் விரித்துக் கவிழ்த்துப் போட்டோம். நாவலின் முதுகு விட்டுப்போய் மூன்று துண்டாகியிருந்தது. தாள்கள் ஒட்டாமல் இருக்க அடிக்கடி புரட்ட வேண்டும். அந்த வேலையை மச்சாள் எடுத்துக்கொண்டார். புல் பிடுங்குகிற இடையில் எழும்பி வந்து ஒரு தாளைப் புரட்டிவிட்டுப் போவார். மத்தியானத்துக்குள் புல் பிடுங்குவது குறைந்து, புரட்டுவது கூடியது. நான் குசினிச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"அந்த அப்பக்கடைக்காரியின்ரை மகள் ஆரோடை போனவள்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் இன்னும் தொடங்கவே இல்லை."

"நடுத்துண்டிலை அவள் போயிட்டாள் எண்டு கிடக்குது. ஆரோடை எண்டு இல்லை. அது முதல் துண்டிலை இருக்க வேணும். முதல் துண்டு இன்னும் காயேல்லை."

அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சேறு தள்ளுகிற தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தேன். வெள்ளத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

முதல் துண்டு காய்ந்ததும் இருவருமாக வாசிக்கத் தொடங்கினோம். காலை நேரத்தில் பந்தலடியில் இரண்டு கதிரைகள். நான் சத்தமாக வாசிப்பேன். அவர் பயற்றங்காய் ஆய்ந்துகொண்டோ கீரை நுள்ளிக்கொண்டோ கேட்பார். பிடிக்காத இடம் வந்தால், "அதை விடும், அங்காலை போம்," என்பார். சில தாள்களில் மை கரைந்து வாசிக்க முடியாமல் போயிருந்தது. அந்த இடங்களில் என்ன நடந்திருக்கும் என்று அவர் தானே முடிவு செய்துவிடுவார். கடலோடி திரும்பி வருகிற அத்தியாயத்தில் அப்படி ஒரு தாள் போயிருந்தது. அந்தப் பெண் அவனுக்குக் கதவு திறந்தாளா இல்லையா என்பதில் எங்களுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம். திறந்திருப்பாள் என்று நான் சொன்னேன்.

"நான் எண்டால் அப்பம் குடுத்திருப்பன்," என்றார் மச்சாள். "வெளியிலை வைச்சு."

நாவலை நூலகத்துக்குக் கொண்டு போனபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. துண்டுகளைத் துணியால் கட்டி எடுத்துப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் நூலகத்துக்குள்ளும் தண்ணீர் வந்து போயிருந்தது. கீழ்த்தட்டில் இருந்தவை எல்லாம் ஊறிப்போய்க் குவியலாகக் கிடந்தன. கீழ்த்தட்டு, சிறுபிள்ளைகளின் கைக்கு எட்ட வேண்டும் என்று அவர்களுடைய புத்தகங்களை வைத்திருந்த தட்டு. நூலகத்துப் பிள்ளை குவியலுக்குப் பக்கத்தில் வாடிய முகத்தோடு நின்றாள். நான் கட்டை அவிழ்த்துக் காட்டினேன்.

"மிஸ், இது எவ்வளவோ மேல். இங்கை பாருங்கோ. வெயில்லை போட இடமும் இல்லை, ஆளும் இல்லை. மேலிடத்துக்கு அறிவிச்சனான். எறியச் சொல்லுவினமோ தெரியேல்லை."

என்னோடு ஸ்கூட்டரில் வந்திருந்த மச்சாள் குவியலின் மேலே கிடந்த ஒன்றை எடுத்து ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"எறிய வேண்டாம் பிள்ளை. எங்கடை பந்தல் பெருசு."

சந்தைக்குப் போகிற ஓட்டோ ஒன்றில் அவற்றை ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மார்கழி பிறந்து காலைகள் குளிரத் தொடங்கியிருந்தன. பனி விலகி வெயில் ஏறியதும் பந்தல், உடுப்புக் கொடி, கிணற்றுக் கட்டு, கதிரை முதுகு எல்லா இடமும் பிள்ளைகளின் புத்தகங்கள். யானையும் நரியும் ரயிலும் படம் படமாகக் காற்றில் ஆடின. வீதியால் போகிறவர்கள் படலையடியில் நின்று என்ன கடை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கீழே வண்டலில் எங்கள் கலவன் முளைகள் நிமிர்ந்து வந்தன. வெண்டிக்கு நடுவில் பூசணி, பூசணிக்கு மேலே பயற்றை, பயற்றையோடு பின்னிக்கொண்டு பாகல். மச்சாள் தன் வாழ்நாளில் இப்படி ஒழுங்கில்லாத தோட்டம் வைத்ததில்லை. முதலில் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு பாகற்கொடி வெண்டியைப் பந்தலாக்கி ஏறியதைக் கூட்டிப்போய் எனக்குக் காட்டினார்.

ஒட்டிய தாள்களை விரித்துக் காயவைத்த புத்தகங்களில் பாதிக்கு மேல் தப்பின. நானும் அவற்றை வாசித்தேன். ஆனால் கலண்டரில் எழுதவில்லை. மச்சாளும் அவற்றைக் கணக்கில் சேர்க்கச் சம்மதிக்க மாட்டார் என்று தெரியும்.

மார்கழிக் கடைசியில் கலண்டரில் பத்துப் பெயர்கள் இருந்தன. ஒன்பதாவது அப்பக்கடைக்காரி. பத்தாவது, ஓரம் நனைந்த இரண்டில் ஒன்று. பதினொன்றாவது பாதியில் நின்றது. பன்னிரண்டுக்கு நான் போய்ச் சேரவில்லை. கவலைப்படுவேன் என்று நினைத்தேன், படவில்லை. பதினைந்து வருடத்துக்குப் பிறகு பத்து. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவே எனக்குப் போதுமாக இருந்தது.

மச்சாளுக்கு மட்டும் அது போதவில்லை.

"ஒன்பதாவது ரெண்டு பேர் வாசிச்சது. அப்ப அது ரெண்டு. உம்முடையது பத்து, என்னுடையது ஒண்டு. வீட்டுக்குப் பதினொண்டு," என்றார்.

"நீங்கள் கேட்டனீங்கள், வாசிக்கேல்லை."

"நடுத்துண்டை ஆர் வாசிச்சது?"

 பேனாவை அவரிடமே கொடுத்தேன். கலண்டரின் கடைசிப் பெட்டியில் குனிந்து, எழுத்தெழுத்தாக, அந்த நாவலின் பெயரை இன்னொரு தடவை எழுதினார்.

தை பிறந்து பொங்கல் முடிந்த அடுத்த நாள், காய்ந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க இருவருமாகப் போனோம். நூலகத்துப் பிள்ளை தட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். புத்தகங்கள் முன்னைப் போல இல்லை, எல்லாம் அலையலையாக நெளிந்திருந்தன. அவள் ஒவ்வொன்றாக வாங்கி, அந்தத் தட்டை விட்டு இரண்டு தட்டு மேலே அடுக்கினாள். மச்சாள் புத்தக இறாக்கைகளுக்கு நடுவே போனவர் வெகு நேரம் வரவில்லை. வரும்போது கையில் ஒரு புத்தகம் இருந்தது, தன் பெயரில் எடுக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் பந்தலடிக்குப் போய் இருந்துவிட்டார். நான் என் பதினொன்றாவதை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் இருந்தேன். சிறுதூறல் ஒன்று வந்து பந்தலுக்கு மேலே விழுந்து நின்றது. முதலில் யாருக்குப் பசித்தது என்று நினைவில்லை. மத்தியானம் தாண்டிய பிறகுதான் அடுப்பு மூட்டவில்லை என்பது தெரிய வந்தது. சந்திக் கடையில் பாண் வாங்கி, ஒரு தேங்காய்ச் சம்பலை இடித்து, பந்தலடியிலேயே வைத்துச் சாப்பிட்டோம். மச்சாள் இடது கையால் தாளைப் புரட்டிக்கொண்டே சாப்பிட்டார்.